சாலியமங்கலத்துச் சிறுமி சினிமா ராணி ஆனார்!

மாரண்டஹள்ளிப் படிப்பகத்துத் தோழர்கள் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். கதாநாயகர்களைப் பற்றி ஏடு ஏடாக எழுதித் தள்ளுகிறவர்கள், பேசாப்படக் காலத்துப் பெண்மணி ஒருத்தியைப் பற்றி ஒரு பத்தியேனும் எழுதலாகாதா என்று. நியாயமான கேள்வி. பாலக்கோட்டைத் தாண்டி, சேலம் – பெங்களூர் ரயில் பாதையில் இருக்கிற ஊர் அது. ஓசூர் ஆலைகளுக்கும் பெங்களூர்க் கட்டட வேலைக்கும் போய்த் திரும்புகிற உழைப்பாளிகள் மாலையில் வந்து உட்கார்ந்து படிக்கிற படிப்பகம். அவர்கள் கேட்டால் மறுக்க முடியுமா?

எழுதப் புகுவது டி. பி. ராஜலட்சுமி அம்மையாரைப் பற்றி. திருவையாறு பஞ்சாபகேச ராஜலட்சுமி. தமிழில் முதல் பேசும்படத்தின் கதாநாயகி என்று தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இன்று மனப்பாடம் செய்கிறார்கள். அதற்கு முன்பே அவர் பேசாப்படத்தில் நடித்தவர் என்பது சிலருக்குத் தெரியும். அதற்கும் முன்பே அவர் பால்ய விவாகம் என்னும் கொடுமைக்குப் பலியான ஒரு குழந்தை என்பது? அதைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்லுவது, வேரை விட்டுவிட்டு மரத்தை வருணிப்பதாகும்.

தஞ்சை மாவட்டத்துச் சாலியமங்கலத்தில் 1911-ம் ஆண்டு நவம்பர் 11-ம் நாள் பிறந்தார். அந்த ஊருக்கு ஒரு பெருமை உண்டு. பாகவத மேளா என்கிற நாடகம் ஆண்டுதோறும் நடக்கிற ஊர் அது. நரசிம்மர் திருவிழாவில் அந்தணர்கள் வேடம் கட்டி ஆடுவார்கள். பெண் வேடமும் ஆண்களுக்கே! மீசையை மழித்து, சேலை உடுத்தி, வளையல் பூண்டு, லீலாவதியாக ஆண் நின்றால் அது பக்தி, புண்ணியம். அதே ஊரில் பிறந்த பெண்ணொருத்தி, பெண்ணாகவே மேடை ஏறினால்? குலத்துக்கு இழுக்கு! ஊர் வாய் சும்மா இருக்குமா? இந்த விசித்திர நீதிக்கு நடுவில்தான் அந்தக் குழந்தை வளர்ந்தது. ஒரு முறை கேட்ட பாட்டை அப்படியே திருப்பிப் பாடுமாம்.

பாடிக் கொண்டிருந்த அந்தக் குழந்தைக்குத் தாலி கட்டினார்கள். பத்து வயதுகூட நிறையவில்லை. தாலி என்றால் என்ன, புருஷன் என்றால் யார் என்று தெரியாத பருவம். வரதட்சணைத் தகராறு வந்தது. பணம் போதாது என்று குழந்தையைப் பிறந்தகத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். சந்தையில் மாடு வாங்கியவன்கூடச் சுழி சரியில்லை என்று ஒரு காரணம் சொல்லித்தான் திருப்புவான். இங்கே அதுவும் இல்லை. தந்தை பஞ்சாபகேசர் அந்தத் துயரத்திலேயே மாண்டார். தாயும் மகளும் தனித்து நின்றார்கள்.

இது யாரோ ஒரு கொடியவன் செய்த தனிக் குற்றமல்ல, தோழர்களே! அன்று அது முறை, சாத்திரம், சம்பிரதாயம். பூப்பெய்து முன்னரே பெண்ணைக் கட்டிக் கொடுக்காத தகப்பன் நரகத்துக்குப் போவான் என்று எழுதி வைத்திருந்தார்கள். நரகத்துக்கு அஞ்சிய தகப்பன்மார் பெற்ற பெண்ணை நரகத்தில் தள்ளினார்கள். பெண்ணின் மணவயதைப் பதினாறுக்கு மேல் உயர்த்தவேண்டும், சொத்தில் சம உரிமை வேண்டும் என்று சுயமரியாதை இயக்கம் செங்கற்பட்டு மாநாட்டில் தீர்மானம் போட்டது 1929-ம் ஆண்டு பிப்ரவரியில். அதே ஆண்டின் பிற்பகுதியில் சாரதா சட்டம் நிறைவேறியது. 1930 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்குப் பதினான்கு என்று அது வரையறுத்தது. அதற்கே வைதீகர்கள் மதம் போயிற்று, மானம் போயிற்று என்று கூக்குரல் எழுப்பினார்கள்! பதினெட்டு என்று சட்டம் ஆனது 1978-ல்தான்.

பிழைப்பு தேடித் திருச்சிக்கு வந்தார்கள் தாயும் மகளும். வாழாவெட்டி என்று முத்திரை குத்தப்பட்ட ஒரு சிறுமிக்கு அன்றைய சமுதாயம் திறந்து வைத்திருந்த கதவு எது? அடுப்படி. அதற்கப்பால் ஒரு மூலை. அந்தச் சிறுமி மூன்றாவதாக ஒரு கதவைத் தட்டினாள். சி. எஸ். சாமண்ணாவின் நாடகக் கம்பெனி! நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் குரலைக் கேட்டார், சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அப்போது வயது பதினொன்று.

நாடகக் கம்பெனி என்றால் இன்றைய தோழர்கள் ஏதோ சொகுசு என்று நினைத்துவிடக் கூடாது. ஒலிபெருக்கி கிடையாது. ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிற கொட்டகையில் கடைசி வரிசையில் நிற்கிறவனுக்கும் பாட்டு கேட்க வேண்டும். தொண்டைதான் மூலதனம். இரவு தொடங்கினால் விடியும்வரை நடக்கும். தொண்டை கட்டினால் கூலி இல்லை. ஊர் ஊராக மூட்டை முடிச்சோடு பயணம். இதற்கெல்லாம் மேலே, கூத்தாடிச்சி என்கிற ஏச்சு. இரவில் கைதட்டியவனே பகலில் அந்த வார்த்தையைச் சொல்லுவான். தியாகராஜ பாகவதர், வி. ஏ. செல்லப்பா போன்ற ராஜபார்ட்டுகளுக்கு எதிரே நின்று, பாட்டுக்குப் பாட்டு கொடுத்து, ராஜலட்சுமி என்ற பெயரைச் சுவரொட்டியில் பெரிய எழுத்தில் போட வைத்தார். அது அவர் உழைத்துச் சம்பாதித்த எழுத்து.

அந்தத் திருச்சியிலேதான் நம் நாட்டுச் சினிமாவின் இன்னொரு விதை விழுந்திருந்தது. சாமிக்கண்ணு வின்சென்ட் என்று ஒருவர். ரயில்வேயில் படம் வரைகிற ஊழியர். 1905-ல் ஊர் சுற்றிப் படம் காட்டிக்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் உடல் நலம் குன்றி ஊர் திரும்ப நினைத்தார். கருவியையும் படச்சுருளையும் சாமிக்கண்ணு வாங்கினார். வேலையை விட்டார். கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். முதலாளி கொண்டு வந்ததல்ல, தோழர்களே, தென்னாட்டுச் சினிமாக் கொட்டகை. ஒரு ரயில்வே தொழிலாளி தோளில் சுமந்து கொண்டு வந்தது! இந்த சாமிக்கண்ணுவை மறுபடியும் சந்திப்போம்.

படம் காட்டுவது ஒன்று. படம் எடுப்பது வேறு. தமிழ்நாட்டில் முதல் கதைப்படத்தை எடுத்தவர் நடராஜ முதலியார், 'கீசகவதம்'. பெண் நடிக்க ஆள் கிடைப்பது அன்று அரிது. பால்கே எடுத்த 'அரிச்சந்திரா'வில் 1913-ல் சந்திரமதியாக நடித்தவர் ஓர் ஆண் என்பது உலகறிந்த சேதி. முதலியார் அடுத்து எடுத்த திரௌபதி படத்துக்கு ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண்மணியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பத்தினிக் கதை எடுக்க வேண்டும்; ஆனால் பத்தினி வேடத்தில் நடிக்க நம் பெண் யாரும் வரக்கூடாது! பேசாப்படக் காலத்தில் ஆங்கிலோ இந்திய, யூதப் பெண்கள் பலர் நாயகிகளாக நின்றதன் காரணம் அதுதான். படம் ஊமை, எனவே பாஷை தடையாக இல்லை. வசனத்தை அட்டையில் எழுதிக் காட்டினார்கள். எழுத்தறியாத தரை டிக்கட் மக்களுக்குத் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொன்னார்.

அந்த நிலையில், 1929-ம் ஆண்டு, ஏ. நாராயணன் சென்னையில் தொடங்கிய ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷன் எடுத்த 'கோவலன்' படத்தில் ராஜலட்சுமி அம்மையார் நடித்தார். பிறகு 'உஷா சுந்தரி', 'ராஜேஸ்வரி'. செங்கற்பட்டுத் தீர்மானமும் சாரதா சட்டமும் பிறந்த அதே ஆண்டில், பால்ய விவாகத்தால் தூக்கி எறியப்பட்ட பெண் திரையில் தோன்றினாள்! அன்று இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நாம் பார்க்கலாம்.

ஒன்று எண்ணிப் பாருங்கள். குரலாலேயே பிழைத்தவர் அவர். குரலுக்கு வேலையே இல்லாத ஒரு தொழிலுக்குள் போனார். சூரிய வெளிச்சத்தில் நின்று, முகத்தாலும் கையாலும் அழ வேண்டும், சிரிக்க வேண்டும். மேடையில் கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டிய முகபாவம் வேறு. காமிராவுக்கு முன் வேறு. நாடகத்திலிருந்து வந்தவர்கள் பலர் இங்கே தடுமாறினார்கள். அவர் தாங்கி நின்றார், கற்றுக்கொண்டார். இரண்டே ஆண்டுகளில் உலகம் புரண்டது. படம் பேசத் தொடங்கியது!

1931 மார்ச்சில் பம்பாயில் இரானி எடுத்த 'ஆலம் ஆரா' வெளிவந்தது. பம்பாய்ப் பட நிலையத்துக்குப் பக்கத்திலே ரயில் பாதை. பகலெல்லாம் ரயில் சத்தம். எனவே ரயில் ஓய்ந்த நள்ளிரவில்தான் படம் பிடித்தார்கள். அந்தப் படத்துக்குப் போட்ட அரங்கிலேயே தமிழுக்கும் ஒரு படம் எடுக்க முடிவாயிற்று. இயக்கியவர் எச். எம். ரெட்டி. படம் 'காளிதாஸ்'. பாடத் தெரிந்த, பேசத் தெரிந்த, காமிராவுக்கும் அஞ்சாத தமிழ்ப் பெண் வேண்டும். எத்தனை பேர் இருந்தார்கள்? ஊமைப் படத்து ராணிகளில் பலருக்கு நம் பாஷை வராது. பேசும்படம் வந்ததும் அவர்களில் பலரது அரியணை ஆடிற்று. ராஜலட்சுமிக்கோ மேடையும் தெரியும், காமிராவும் தெரியும், தமிழும் தெரியும். பம்பாய்க்கு ரயில் ஏறினார்.

1931 அக்டோபர் 31. சென்னை கினிமா சென்ட்ரல் கொட்டகை. படப்பெட்டி ரயிலில் வந்து இறங்கியபோது மேளம் கொட்டி, ஊர்வலமாக எடுத்துப் போனார்கள். தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். மேல்நாட்டான் மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்த இயந்திரத்துக்கு நம் நாட்டான் காட்டிய முதல் மரியாதை, சூடம்! சிரிப்பதா, அழுவதா? படமோ விசித்திரம். கதாநாயகி தமிழ் பேசுவார்; கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்லுவார். உதட்டசைவுக்கும் ஒலிக்கும் ஒவ்வாது. இருந்தும் கூட்டம் அலைமோதியது. காரணம் ஒன்றே. அந்தப் பெண்ணின் பாட்டு. குறத்தி நடனமும் உண்டு. காந்தியாரின் இராட்டையைப் புகழ்கிற பாட்டும் உண்டு. காளிதாசன் கதையில் இராட்டைக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. பாடியவர் மதுரை பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டைப் பாடினார். கேட்டவன் வெள்ளையனை நினைத்துக் கைதட்டினான்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அம்மையார் நம் பாசறையில் வளர்ந்தவர் அல்லர். தேசியப் பாட்டுப் பாடியவர். காந்தியார் வழியை நம்பியவர். மேடையில் விடுதலைப் பாட்டுப் பாடிப் போலீஸ் தொல்லைக்கு ஆளானவர். நடித்த படங்களில் பாதிக்கு மேல் புராணம். அதனாலென்ன? மாற்றுப் பாசறையில் நின்றவர் என்பதற்காக ஒரு பெண்ணின் துணிச்சலைக் குறைத்து எடை போடுவது நமக்கு வழக்கமில்லை.

1933-ல் 'வள்ளி திருமணம்'. கல்கத்தாவில் எடுத்த படம். அதைத் தயாரித்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே சாமிக்கண்ணு வின்சென்ட்! கூடாரம் சுமந்த ரயில்வே ஊழியர் அதற்குள் கோவையில் கொட்டகை முதலாளியாகிவிட்டிருந்தார். படம் பெரும் வெற்றி. வள்ளியாக நடித்த அம்மையாருக்குச் சினிமா ராணி என்ற பட்டம் நிலைத்தது. உடன் நடித்த டி. வி. சுந்தரத்தைத் தானே விரும்பி மணந்துகொண்டார். மறுமணம்! ஒரு முறை தாலி ஏறிய அந்தணப் பெண்ணுக்கு அன்று அந்தச் சொல்லே பாவம். திரையில் வள்ளி தன் மனத்துக்குப் பிடித்தவனை மணந்தாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள், வெளியில் அந்த நடிகை அதையே செய்தபோது முகம் சுளித்தார்கள்.

அடுத்த மூன்று ஆண்டுகள் ஓயாத வேலை. வி. ஏ. செல்லப்பாவுடன் 'குலேபகாவலி', அமெரிக்க இயக்குநர் எல்லிஸ் டங்கனின் 'சீமந்தினி'. கூலி வாங்கி நடிப்பது போதும் என்று தோன்றியிருக்க வேண்டும். சொந்தமாக ராஜம் டாக்கீஸ் தொடங்கினார். 1936-ல் 'மிஸ் கமலா' வந்தது. கதை அவருடையது, 'கமலவல்லி' என்று அவரே எழுதிய நாவல். தயாரிப்பு அவருடையது, இயக்கம் அவருடையது, நடிப்பும் அவருடையது! தென்னாட்டில் ஒரு பெண் படம் இயக்கியது அதுவே முதல். இந்திய நாட்டிலேயே அவருக்கு முன் அதைச் செய்த பெண் பம்பாயில் பாத்மா பேகம்.

புராணம் பணம் கொட்டிய காலத்தில் அவர் தன் கைக்காசைப் போட்டு எடுத்தது சமூகக் கதை. மனம் விரும்பியவன் ஒருவன், கட்டி வைக்கப்பட்டவன் வேறொருவன் என்று தவிக்கிற பெண்ணின் கதை. எங்கிருந்து வந்த கதை இது? சாலியமங்கலத்தில் சம்மதம் கேட்காமல் கட்டப்பட்ட தாலியிலிருந்து வந்தது என்பது என் துணிபு. அதே 1936-ல்தான் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தேவதாசி முறையின் கொடுமையை நாவலாக எழுதி வெளியிட்டார். ஒருவர் நம் இயக்கத்தின் தாய். ஒருவர் காந்தியார் பக்தை. ஒருவர் பொட்டுக் கட்டும் வழக்கத்தைக் கண்டவர். ஒருவர் பால்ய விவாகத்தைச் சுமந்தவர். ஒரே ஆண்டில் இருவரும் கதையை ஆயுதமாக எடுத்தார்கள்.

வேறொரு பெண்ணையும் இங்கே நினைக்காமல் மேலே செல்ல மனம் வரவில்லை. ராஜலட்சுமி அம்மையார் பேசாப்படத்தில் தோன்றிய காலத்தையொட்டியே திருவனந்தபுரத்தில் 'விகதகுமாரன்' என்று ஒரு பேசாப்படம். எடுத்தவர் அகஸ்தீஸ்வரத்துக்காரர், ஜே. சி. டேனியல். நாயகி பி. கே. ரோசி, தாழ்த்தப்பட்ட புலையர் குலத்தில் பிறந்த ஏழைப் பெண். செய்த குற்றம், நாயர் குலப் பெண்ணாக வேடம் ஏற்றது! தான் நடித்த படத்தைப் பார்க்கக் கொட்டகைக்குள் அவரை விடவில்லை. திரையில் அவர் முகம் கண்டதும் கல்லெறிந்தார்கள். உயிர் பிழைக்க ஊரை விட்டு ஓடித் தமிழ்நாட்டில் தலைமறைவாக வாழ்ந்து முடிந்தார் ரோசி. அதன் பிறகு ஒரு படத்திலும் அவர் நடிக்கவில்லை. பெண் என்பதற்காக ராஜலட்சுமி ஏச்சு வாங்கினார். ஆனால் மேடை கிடைத்தது, பட்டம் கிடைத்தது. பெண் என்பதோடு சாதியும் சேர்ந்தபோது ரோசிக்குக் கிடைத்தது கல். இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு ராஜலட்சுமியைப் பாராட்டினால் அது பாதி உண்மை.

'மிஸ் கமலா' எடுத்த கையோடு அம்மையார் மற்றொரு காரியமும் செய்தார். பெண் சிசுவைக் கொல்லுகிற வழக்கத்தைக் கண்டித்துப் பேசினார். கொலைக்கு இலக்காக இருந்த ஒரு பெண் குழந்தையைக் காப்பாற்றித் தன் மகளாகவே வளர்த்தார். நடிகைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்கள் உண்டு.

மாரண்டஹள்ளித் தோழர்களே, இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அன்று உங்கள் ஊர் சேலம் ஜில்லாவில் இருந்தது; தர்மபுரி தனி மாவட்டமானது 1965-ல். கள்ளிப்பாலும் நெல்மணியும் எந்த வீட்டு இருட்டில் பயன்பட்டன என்று அங்குள்ள முதியவர்கள் அறிவார்கள். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் முதலில் சேலத்தில்தான் தொடங்கியது. 2001-ல் தர்மபுரிக்கும் வந்தது. எந்த மாவட்டத்தில் தொட்டில் தேவைப்பட்டதோ அந்த மாவட்டத்தின் வெட்கம் அது. பதினெட்டு நிறையாத பெண்ணை மணமேடை ஏற்றுகிற வழக்கமும் உங்கள் மலைச்சரிவுகளில் இன்னும் ஒழிந்தபாடில்லை. அதிகாரிகள் வந்து தடுத்து நிறுத்தினார்கள் என்று பத்திரிகையில் சேதி வருகிறது; தடுக்கப்படாதவை சேதியாவதில்லை. பெண் பதினெட்டு வயது வரை காத்திருக்கவும் படிக்கவும் வேண்டும் என்பதற்காகவே கலைஞர் ஆட்சி 1989-ல் மூவலூர் அம்மையார் பெயரால் திருமண உதவித் திட்டத்தைக் கொண்டு வந்தது. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரி செல்ல மாதம் ஆயிரம் ரூபாய் என்று அது 2022-ல் புதுமைப்பெண் திட்டமாக மாறியது. பெண்ணுக்குச் சொத்தில் சம பங்கு என்ற செங்கற்பட்டுத் தீர்மானமும் அதே 1989-ல்தான் தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. அறுபது ஆண்டுகள்! சட்டம் வந்துவிட்டது, உங்கள் தெருவில் ஒரு தகப்பன் அவசரப்படும்போது அவன் வாசலில் போய் நிற்கிற தோழன் வந்துவிட்டானா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அம்மையாரிடம் திரும்புவோம். 1938-ல் 'நந்தகுமார்' படத்தில் யசோதையாக நடித்தார். இளம் நாயகி வேடத்திலிருந்து தாய் வேடத்துக்கு வந்துவிட்டார்; வயது இருபத்தேழுதான்! நடிகைக்குக் காலம் எவ்வளவு குறைவாக அளக்கப்படுகிறது பாருங்கள். நாயகனாக நடிக்கிற ஆணுக்கு அந்தக் கணக்கு அன்றும் இல்லை, பிறகும் வரவில்லை. அடுத்து, 'இந்தியத் தாய்' என்று ஒரு படம் எடுக்கத் துணிந்தார். வெள்ளைத் துரைத்தனம் அந்தப் பெயரையே பொறுக்கவில்லை. தணிக்கைக் கத்தரி வெட்டித் தள்ளியது. பெயர் மாறி, 'தமிழ்த் தாய்' ஆகி வெளிவந்தது. பணம் திரும்பவில்லை. நடித்துச் சேர்த்த சொத்து கடனுக்குப் போயிற்று. படம் எடுத்து நொடித்த ஆண்களைத் துணிச்சல்காரர் என்றார்கள். படம் எடுத்து நொடித்த பெண்ணைப் பார்த்துப் பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்றார்கள்.

அதன்பின் வாய்ப்பு மெல்லக் குறைந்தது. 1950-ல் 'இதய கீதம்' படத்தில் அவரைக் காணலாம். அதற்குள் படவுலகில் பின்னணிப் பாட்டு வந்துவிட்டது; சொந்தத் தொண்டையில் பாடி நடிப்பவர் தேவைப்படவில்லை. ஊமைப் படத்திலிருந்து பேசும்படத்துக்குத் தாவிக் கரை ஏறியவர், இந்த இரண்டாவது மாறுதலில் கரையிலேயே நின்றுவிட்டார். ஆலையில் புது இயந்திரம் வந்து பழைய தறிக்காரனை வெளியேற்றுகிறதே, அதே கதை. பக்கவாதமும் பற்றியது. 1961-ல் கலைமாமணி விருது வழங்கப்பட்டது. 1964-ல் காலமானார். ஐம்பத்து மூன்று வயதும் நிறையவில்லை.

அவர் நடித்த 'கோவலன்' இன்று இல்லை. 'காளிதாஸ்' இல்லை. அவர் இயக்கிய 'மிஸ் கமலா'வும் இல்லை. ஓடி முடிந்த படத்துக்கு மதிப்பில்லை என்று பழைய பிலிமைக் காய்ச்சி அதிலிருக்கிற வெள்ளியை எடுத்து விற்றார்கள். மிஞ்சியது மக்கிப் போயிற்று. நாகர்கோவிலில் எடுத்த 'மார்த்தாண்ட வர்மா' என்ற பேசாப்படம் ஒன்று பூனா ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. நாவலின் உரிமை யாருக்கு என்று வழக்கு மூண்டு, புத்தகக் கடைக்காரர் படச்சுருளைப் பறிமுதல் செய்துகொண்டு போய்ப் பூட்டி வைத்ததால் அது பிழைத்தது. ராஜலட்சுமி அம்மையார் படங்களின் மேல் அப்படி வழக்குப் போட யாரும் இல்லை. சில நிழற்படங்களும், பழைய பத்திரிகை விளம்பரங்களும் கிடைக்கின்றன.